காஸ்டிக் சோடா ஊறல் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றலாமா?

கேள்வி: மதுரையில் சிறிய ஓட்டல் நடத்துகிறேன். புகைப்போக்கி ஃபில்டர், வடைச் சட்டி எல்லாவற்றையும் இரவில் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறப்போட்டுக் காலையில் கழுவுகிறோம். கழுவுகிற அக்காவுக்குக் கை வழவழவென்று ஆகி, அப்புறம் எரிகிறது. மிச்சத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றிவிடுகிறோம். இது சரியா?

பதில்: முதலில் அந்த அக்காவின் கையைப் பார்ப்போம். காஸ்டிக் சோடா எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக மாற்றித்தான் கரைக்கிறது. தோலில் பட்டாலும் அதே வேலைதான். அந்த வழவழப்பு, அவர் தோலில் உள்ள கொழுப்பு சோப்பாக மாறுவதால் வருவது. தொடக்கத்தில் பெரிதாக வலிக்காது. எரிச்சல் தெரிவதற்குள் உள்ளே இறங்கியிருக்கும். இன்றைக்கே முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறையும், பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். பரிமாறும்போது போடுகிற மெல்லிய பிளாஸ்டிக் உறை இதற்கு உதவாது.

தோலில் பட்டால் குழாயடியில் 20 நிமிடமாவது கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து அரை மணி நேரம் கழுவிவிட்டு, நேராக மருத்துவமனைக்குப் போங்கள். எலுமிச்சைச் சாறு, வினிகர் எதையும் தடவக் கூடாது.

கரைக்கும்போது பச்சைத் தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பிசுக்கை முதலில் சுரண்டிவிட்டால் 10 லிட்டருக்கு 200 கிராமே தாராளம். அலுமினியச் சாமான்களை இதில் போடவே கூடாது. அலுமினியத்தை அது அரிக்கும். அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் வாயு, அடுப்பும் பக்கத்தில்தானே இருக்கிறது! ஃபில்டர் எந்த உலோகம் என்று காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். நல்ல ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது என்பதால், வாங்கிய இடத்தில் கேட்டுவிடுவதே மேல்.

சரி, வாய்க்கால் விஷயம். அப்படியே ஊற்றக் கூடாது. சோப்பாகக் கரைந்த கொழுப்பு கிரீஸ் டிராப்பில் (கழிவுநீரிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைத் தடுத்து நிறுத்தும் தொட்டி) நிற்காமல் நழுவிப் போய், தூரத்தில் குழாய்க்குள் ஆறி அடைத்துக்கொள்ளும். செப்டிக் டேங்க் என்றால் அதிலுள்ள பாக்டீரியாவும் செத்துப்போகும். கழிவுநீரின் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 5.5-க்கும் 9-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. உங்கள் கரைசல் 13-ஐத் தாண்டியே இருக்கும்.

அதனால் நன்றாக ஆறவிட்டு, மேலே மிதப்பதை வழித்தெடுங்கள். பிறகு சிட்ரிக் அமிலத் தூளைத் தண்ணீரில் கரைத்து, மெதுவாக ஊற்றிக் கிளறுங்கள். கையுறையும் கண்ணாடியும் அப்போதும் வேண்டும். மேலே சொன்ன 200 கிராம் சோடாவுக்கு அதிகபட்சம் 350 கிராம் அளவு பிடிக்கும். ஆனால் கணக்கை நம்பாமல் பிஎச் தாளில் பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள். 8-க்குக் கீழே வரும்போது கொழுப்பில் ஒரு பகுதி மறுபடி மிதக்கும். அதையும் எடுத்து மரத்தூளில் கலந்து குப்பையில் சேர்த்துவிட்டு, மிச்சத்தை நிறையத் தண்ணீரோடு கிரீஸ் டிராப் வழியாக விடலாம். கழிப்பறை ஆசிட்டை ஊற்றி முறிக்க நினைக்காதீர்கள், கொதித்துச் சிதறும்.

இன்னொன்று. இந்தக் கரைசல் பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். மிஞ்சியதைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றிரவே நிறுத்துங்கள். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள்.