விக்டோரியா காலத்து தர்ம ஆஸ்பத்திரிகள்ல டாக்டர்களுக்குள்ள ஏன் அவ்ளோ சண்டை?

சம்பளம் இல்லாததுதான் பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன். லண்டன் தர்ம ஆஸ்பத்திரிகள் நன்கொடையில ஓடுச்சு, வர்றவங்க ஏழைங்க, பெரிய டாக்டருங்க பெரும்பாலும் சும்மாதான் பாத்தாங்க. ஆனா அந்தப் பதவி இருந்தாத்தான் பேரு, பேரு இருந்தாத்தான் பணக்காரங்க வீட்டுக்குக் கூப்பிடுவாங்க, ஸ்டூடண்ட்ஸ் ஃபீஸ் கட்டி வருவாங்க. அதனால பேருல கை வச்சா பொழப்புலயே கை வச்ச மாதிரி.

ஜான் எலியட்சனையே எடுத்துக்குங்க. யுனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரி மெடிசின் புரொபசர், இங்கிலாந்துல ஸ்டெதஸ்கோப்பை முதல்ல பயன்படுத்துனவங்கள்ல ஒருத்தர், லேசுப்பட்ட ஆள் இல்ல. 1837ல மெஸ்மெரிசத்துல இறங்கினார், அதாவது கையசைவால ஒரு சக்தியைச் செலுத்தி ஆளை மயக்கத்துல ஆழ்த்துறதா சொன்ன வைத்தியம். எலிசபெத், ஜேன் ஓகீன்னு அக்கா தங்கச்சி, வீட்டு வேலை பாத்த சின்னப் பொண்ணுங்க, வலிப்புக்காக வந்து சேந்தவங்க, அவங்களை மயக்கத்துல ஆழ்த்தி 1838ல ஆஸ்பத்திரி தியேட்டர்லயே கூட்டத்துக்கு முன்னாடி நிறுத்திக் காட்டினார். அங்கயே சர்ஜனா இருந்த ராபர்ட் லிஸ்டனுக்கு இது சுத்தமா பிடிக்கல.

நிக்கல் மெஸ்மெரிச சக்தியைக் கடத்தும், ஈயம் கடத்தாதுன்னு எலியட்சன் சொல்லிட்டிருந்தார். ஆகஸ்ட்ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையோட ஆசிரியர் தாமஸ் வாக்லி தன் வீட்டுலயே டெஸ்ட் வச்சு, நிக்கல்னு நம்ப வச்சு ஈயத்தைத் தொட வச்சார், நிக்கலுக்கு வர்ற அதே துடிப்பு எலிசபெத்துக்கு அப்படியே வந்துச்சு. வாக்லி செஞ்ச டெஸ்ட் சரியான டெஸ்ட், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அதுவரைக்கும் எலியட்சனைத் தூக்கி வச்ச லான்செட் அப்புறம் கிழிகிழின்னு கிழிச்சுது. டிசம்பர் கடைசியில காலேஜ் கவுன்சில் மெஸ்மெரிசத்துக்குத் தடை போட்டுச்சு, எலிசபெத்தை டிஸ்சார்ஜ் பண்ணச் சொல்லுச்சு, எலியட்சன் உடனே ராஜினாமா.

எனக்கு மனசு ஆறாதது அந்தப் பொண்ணுங்க விஷயம்தான். நோய்னு வந்தவங்களை மேடையேத்துனதும் டாக்டருங்கதான், ஏமாத்துக்காரிங்கன்னு பட்டம் கட்டுனதும் டாக்டருங்கதான். எலியட்சனாவது 1843ல சோயிஸ்ட்னு சொந்தப் பத்திரிகை ஆரம்பிச்சு தன் பக்கத்தை எழுதினார், இவங்க எங்க போய் எழுதுவாங்க?

1846 டிசம்பர்ல அதே ஆஸ்பத்திரியில லிஸ்டன் ஈதர்ங்கிற மயக்க மருந்தைக் குடுத்து ஒருத்தரோட காலை எடுத்தார், வலியே தெரியல. அப்போ அவர் இது மெஸ்மெரிசத்தையே தோக்கடிச்சிருச்சுன்னு சொன்னதா சொல்லுவாங்க. அவ்ளோ பெரிய நாள்ல கூட, எட்டு வருஷத்துக்கு முந்தின சண்டைதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கு.