எட்டு வயதில் கிளிப் தேவையா? கடலூர் வாசகியின் கேள்விக்குப் பல் சீரமைப்பு மருத்துவரின் பதில்

கேள்வி: நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். மகளுக்கு 8 வயது. மேல் முன்பல் இரண்டும் நடுவில் இடைவெளி விட்டு, வெளிப்பக்கமாகச் சாய்ந்து முளைத்திருக்கின்றன. கீழே ஒரு பால் கடைவாய்ப்பல் சொத்தையாகி, ராத்திரியில் வலி தாங்காமல் அழுகிறாள். பள்ளிக்கூடத்தில் நடந்த பல் முகாமில், சீரமைப்பு டாக்டரிடம் காட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். புதுச்சேரியில் ஒரு கிளினிக்கில், இப்போதே கிளிப் போடாவிட்டால் பின்னால் தாடை ஆபரேஷன் வரை போகும் என்கிறார்கள். எங்கள் தெருவில் இருக்கும் டாக்டரோ, 12 வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம், சொத்தைப் பல்லை மட்டும் பிடுங்கிவிடலாம் என்கிறார். மாமியார், "எல்லாம் விழுந்து முளைக்கிற பல்தானே" என்கிறார். மகனுக்கு 13 வயது. மேல் பற்கள் தூக்கலாக இருப்பதால் உதடு மூடவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் செலவு செய்ய எங்களால் முடியாது. யாருக்கு முதலில் செய்வது?

பதில்: முதல் செலவு மகளின் சொத்தைப் பல்லுக்கு. அதை இந்த வாரமே பாருங்கள். அடுத்து மகன், அவனுக்குத்தான் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. மகளின் முன்பல் இடைவெளி, நீங்கள் எழுதியிருக்கிற அளவில், பெரும்பாலும் தானாகச் சரியாகிற ரகம். அதற்கு இப்போதே கிளிப் என்றால், "எந்தக் குறைக்காக, இப்போது போடாவிட்டால் சரியாக என்ன ஆகும்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

பள்ளி முகாமில் எழுதிக் கொடுத்ததில் தப்பில்லை. 7 வயதுக்குள் ஒருமுறை பிள்ளையைச் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் என்றுதான் அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கமும் சொல்கிறது. அந்த வயதுக்குள் முன்பற்களும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பற்களும் வர ஆரம்பித்திருக்கும். தாடை எப்படி வளர்கிறது என்பதும் ஓரளவு பிடிபடும். சங்கடம் என்னவென்றால், 'காட்டுங்கள்' என்று சொன்னது வீடு போய்ச் சேருவதற்குள் 'கம்பி கட்டுங்கள்' என்று ஆகிவிடுகிறது. சில கிளினிக்குகளில் வாசலிலேயே ஆகிவிடுகிறது. அந்த வயதில் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு நாங்கள் செய்வது, பார்த்துக் குறித்துவைத்துக்கொண்டு ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து வரச் சொல்வதுதான்.

மகளின் இடைவெளிக்கு வருகிறேன். மேல் கோரைப்பற்கள் இரண்டும் இன்னும் எலும்புக்குள், மூக்கின் இரு ஓரத்தை ஒட்டி உயரத்தில் இருக்கின்றன. அவை இறங்கி வரும்போது பக்கத்துப் பற்களின் வேரை நெருக்கும். வேர் உள்ளே நெருங்கினால் பல்லின் நுனி வெளியே விரியும். நீங்கள் பார்க்கிற சாய்வும் இடைவெளியும் அதுதான். 11, 12 வயதில் கோரைப்பல் இறங்கியதும், இரண்டு மில்லிமீட்டர் அளவிலான இடைவெளி பெரும்பாலும் தானே மூடிவிடும். அவசரப்பட்டு இப்போதே கம்பி கட்டி நிமிர்த்தினால், பக்கத்துப் பல்லின் வேர் இறங்கி வருகிற கோரைப்பல்லின் வழியில் போய் நிற்கும். வேர் கரையவும் கூடும். இடைவெளி அதைவிடப் பெரிதாக இருந்தாலோ, ஒரு முன்பல் முளைத்து ஆறு மாதமாகியும் ஜோடிப் பல் வராமல் இருந்தாலோ ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் கூடுதலாக ஒரு பல் எலும்புக்குள் ஒளிந்துகொண்டு வழியை மறிப்பது உண்டு.

இனி அந்தச் சொத்தைப் பல். உங்கள் மாமியார் சொல்வதை என் நாற்காலிப் பக்கத்தில் நின்று சொல்லாத பாட்டி அரிது. விழப்போகிற பல் என்பது உண்மைதான். ஆனால் எப்போது விழும்? முன்பல் 6, 7 வயதில் விழுகிறது. பால் கடைவாய்ப்பல் 10, 11, சிலருக்கு 12 வயது வரை இருக்க வேண்டியது. அதற்கு மெல்லுவது மட்டும் வேலை இல்லை. அடியில் வளர்கிற நிரந்தரப் பல்லுக்கு இடத்தைக் காத்துக் கொடுக்கிறது.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். மகளின் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, கீழ்வரிசையின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். முதல் ஐந்து இடங்கள் பால் பற்களுடையவை. அவற்றில் முன்னால் இருப்பவை இப்போது விழுந்து புதிதாக முளைத்திருக்கும். ஆறாவதாக, கடைசியில் பெரிதாக ஒரு பல் நிற்கிறதே, அது நிரந்தரப் பல். எந்தப் பல்லும் விழாமல், பால் பல்லுக்குப் பின்னால் 6 வயதில் சத்தமில்லாமல் முளைக்கும். அதனாலேயே நிறையப் பெற்றோர் அதையும் பால் பல் என்று நினைத்து, சொத்தையானாலும் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பல்லுக்கு எப்போதும் முன்பக்கம் நகர்கிற குணம். முன்னால் ஐந்தாவது இடத்துப் பால் பல் இருக்கிற வரை அங்கேயே நிற்கும். 8 வயதில் அந்த ஐந்தாவது பல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால், ஆறாவது பல் சில மாதங்களிலேயே காலி இடத்துக்குள் சாயத் தொடங்கும். அடியிலிருந்து வரவேண்டிய பல் வழியில்லாமல் எலும்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் வரிசையை விட்டு விலகி முளைக்கும். நாலாவது இடத்துப் பால் பல் போனால் பாதிப்பு இந்த அளவுக்கு இருக்காது. அதனால் உங்கள் மகளுக்குச் சொத்தையானது எந்தப் பல் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. பால் கடைவாய்ப்பற்கள், அவை விழுந்தபின் அந்த இடத்தில் வருகிற நிரந்தரப் பற்களைவிட அகலம் அதிகம். கீழ்த்தாடையில் பக்கத்துக்குச் சராசரியாக 1.7 மில்லிமீட்டர், மேலே 0.9 மில்லிமீட்டர் அளவுக்கு மிச்சம் கிடைக்கும். முன்னால் லேசான நெரிசல் இருக்கிற பிள்ளைக்கு அந்த மிச்சமே போதும். பால் பல்லை முன்கூட்டியே இழந்தால் அதையும் சேர்த்து இழக்கிறோம்.

ராத்திரியில் தானாக வலிக்கிறது என்றால் சொத்தை நரம்பு வரை போயிருக்க வாய்ப்பு அதிகம். வெறும் அடைப்பு நிற்காது. பால் பல்லுக்கும் வேர் சிகிச்சை உண்டு. முடித்து மேலே ஸ்டீல் உறை மாட்டிவிட்டால், விழ வேண்டிய வயது வரை வேலை செய்யும். சீழ் கோத்து, வேர் கரைந்து, காப்பாற்ற முடியாத நிலை என்றால் பிடுங்கத்தான் வேண்டும். அப்படியானால் பிடுங்குகிற அன்றைக்கே இடம் காக்கும் வளையத்துக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். காலி இடத்துக்குப் பின்னால் இருக்கிற பல்லில் ஒரு பட்டை, அதிலிருந்து முன்னால் இருக்கிற பல்லைத் தொடுகிற மாதிரி வளைந்த ஒரு கம்பி, அவ்வளவுதான். அதைப் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. அடியிலிருந்து பல் எட்டிப் பார்த்ததும் கழற்ற வேண்டும். இடையில் வலிக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுங்கள். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைக்காதீர்கள். ஈறு வெந்துபோய் வருகிற குழந்தைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

8 வயதிலேயே கருவி போட வேண்டிய பிள்ளைகளும் உண்டு. உங்கள் மகள் அந்த வகையா என்று தெரிய ஒரு சோதனை. ஜன்னல் வெளிச்சத்தில் நிற்க வைத்து, எச்சிலை விழுங்கச் சொல்லி, பின்பற்களைக் கடித்தபடியே இருக்கச் சொல்லுங்கள். உதட்டை விலக்கிச் சுற்றிலும் பாருங்கள். மேல் வரிசை முழுக்க, கீழ் வரிசைக்கு ஒரு சிறிதளவு வெளியே இருக்க வேண்டும். முன்னாலோ பக்கத்திலோ கீழ்ப்பல் வெளியே வந்து மேல்பல்லை மறைத்தால், அது காத்திருக்கக் கூடாத குறை. கடிக்கும்போது கீழ்த்தாடை ஒரு பக்கமாக விலகிப் போனால் இன்னும் அவசரம். தாடை அப்படியே கோணலாக வளர்ந்துவிடும். மேல் தாடை என்பது நடுவில் இணைந்த இரண்டு எலும்பு. சின்ன வயதில் அந்த இணைப்பு இறுகியிருக்காது. அண்ணத்தில் திருகு வைத்த கருவியைப் பொருத்தி, வீட்டிலேயே சின்னச் சாவியால் தினமும் கால் மில்லிமீட்டர் கணக்கில் திருப்பி அகலப்படுத்தலாம். முன்பல் நடுவே திடீரென்று இடைவெளி விழுந்தால் கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம். பதறி ஓடிவர வேண்டாம். மேல் தாடை வளர்ச்சி குறைந்து கீழ்த்தாடை முந்துகிற பிள்ளைகளுக்கு முகத்தில் மாட்டி இழுக்கும் கருவி 10 வயதுக்குள் நன்றாகப் பலன் தரும். கிளினிக்கில் தாடை ஆபரேஷன் என்று சொன்னது இந்த வகைக் குறையை வைத்தா என்று கேளுங்கள். முன்பல் இடைவெளிக்காகச் சொன்னது என்றால், அது பயமுறுத்தல்.

விரல் சூப்புவது 4 வயதுக்குள் தானாக நின்றுவிட்டால் கவலையில்லை. நிரந்தர முன்பல் முளைக்கிற வயதிலும் தொடர்ந்தால் மேல்பல் முன்னே தள்ளி, மேலும் கீழும் சேராமல் இடைவெளி விழும். வேப்பெண்ணெய் தடவுவதும் கையில் அடிப்பதும் அநேகமாகப் பலிப்பதில்லை. பிள்ளைக்கே நிறுத்த விருப்பம் வந்தபின் ஒரு சின்னக் கருவி கைகொடுக்கும். வாயைத் திறந்துகொண்டு தூங்கி, குறட்டையும் விட்டால் எங்களுக்கு முன்னால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

மகளுக்கு 10 வயது ஆகும்போது ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மேல் ஈறில், கோரைப்பல் வர வேண்டிய இடத்துக்கு மேலே விரலால் தடவினால் இரண்டு பக்கமும் ஒரு மேடு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தட்டுப்படாவிட்டால் அந்தப் பல் அண்ணத்துப் பக்கம் திசை மாறிப் போகிறதோ என்று பார்க்க வேண்டும். அந்த வயதில் கண்டுபிடித்தால் பால் கோரைப்பல்லை எடுத்துவிடுவதிலேயே பலருக்கு அது வழிக்கு வந்துவிடும். 15 வயதில் கண்டுபிடித்தால் ஈறைத் திறந்து, சங்கிலி மாட்டி இழுக்க வேண்டியிருக்கும்.

மகனுக்கு வருவோம். பல் தூக்கல் இரண்டு விதம். கீழ்த்தாடை பின்தங்கியதால் மேல்பல் முன்னால் தெரிவது ஒன்று. மேல், கீழ் இரண்டு வரிசையுமே முன்னால் தள்ளியிருப்பது இன்னொன்று. நம் பக்கத்தில் இது நிறைய. பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்று எடுத்தால் எது என்று தெரிந்துவிடும். முதல் வகை என்றால், வளர்ச்சி வேகமாக இருக்கிற காலத்தில் கீழ்த்தாடையை முன்னே பிடித்து வைக்கிற கழற்றி மாட்டும் கருவி போடலாம். ஆண் பிள்ளைகளுக்கு அந்த வேகம் பெரும்பாலும் 12இலிருந்து 14 வரை. குரல் உடைகிறதா, பள்ளிக்கூட பேன்ட் ஒரே வருடத்தில் குட்டையாகிவிட்டதா என்று நான் கேட்பது இதற்காகத்தான். கிளிப் விஷயத்தில் மகளுக்கு முன்னால் அவனைக் காட்டச் சொன்னதும் இதனால்தான். அந்தக் கருவியைக் கிட்டத்தட்ட ஒரு வருடம் போட வேண்டும், அதுவும் பெரும்பாலான நேரம். பிறகு ஒன்றரை வருடம் போல கிளிப். இரண்டாவது வகைக்கு அந்தக் கருவியால் பயனில்லை. நல்ல பற்கள் நான்கை எடுத்து இடம் உண்டாக்கிப் பின்னே இழுக்க வேண்டியிருக்கலாம். அதற்கு இத்தனை அவசரம் கிடையாது, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தும் தொடங்கலாம்.

அப்படியானால் இதை 8 வயதிலேயே செய்திருக்கலாமே என்று தோன்றும். தூக்கலான பல்லைச் சிறு வயதில் ஒரு கட்டம், பிறகு ஒரு கட்டம் என்று இரண்டு முறையாகச் செய்தவர்களையும், பதின்ம வயதில் ஒரே முறையாகச் செய்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கடைசியில் பல்லும் தாடையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் அமைந்தன. சீக்கிரம் செய்தவர்களுக்குக் கிடைத்த லாபம், விழுந்து முன்பல்லை உடைத்துக்கொள்வது குறைந்தது. ஆகவே பல் மிகவும் தூக்கலாக இருந்து, பிள்ளையும் ஓரிடத்தில் நிற்காத ரகமாக இருந்தால் முன்கூட்டியே செய்வதில் நியாயம் இருக்கிறது. உங்கள் மகன் சைக்கிளில் போய் விழுந்து முன்பல் முழுதாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால், வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டு போங்கள். திரும்பப் பொருத்த வாய்ப்புண்டு.

கிளிப் போட அவனுக்கே விருப்பமா என்று தனியாகக் கேட்டுவிடுங்கள். விருப்பமில்லாத பையனுக்குப் போட்டால் மாதம் இரண்டு பொத்தானாவது (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டுவது) தெறித்து வரும். பல் துலக்காவிட்டால் கம்பியைக் கழற்றும்போது பல்லில் வெள்ளைத் திட்டுகள் மிஞ்சும். முறுக்கு, கடலை மிட்டாய், பொங்கல் கரும்பு கூடாது. பண்ருட்டி முந்திரியை முழுசாகக் கடிக்காமல் உடைத்துச் சாப்பிடலாம். பலாச்சுளைக்குத் தடையில்லை, சாப்பிட்டதும் துலக்கினால் போதும். கைபேசியில் பார்த்துவிட்டு ரப்பர் பேண்டை முன்பல்லில் மாட்டி இடைவெளியை மூட முயல்கிறார்கள் பிள்ளைகள். அது நழுவி ஈறுக்குள் ஏறி, எலும்பைக் கரைத்து, நல்ல பல்லையே விழவைத்துவிடும்.

எங்கே போவது? பி.டி.எஸ். முடித்து, பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரா என்று பாருங்கள். சொத்தைக்கும் பால் பல் வேர் சிகிச்சைக்கும் குழந்தைகள் பல் மருத்துவர். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள மகாத்மா காந்தி பல் மருத்துவ முதுநிலைக் கல்வி நிறுவனம் அரசுடையது. உங்கள் மாவட்டத்திலேயே சிதம்பரத்தில் அண்ணாமலைநகர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பேராசிரியர் மேற்பார்வையில் முதுநிலை மாணவர்கள் செய்வார்கள். நேரம் அதிகம் பிடிக்கும், வேலை நிதானமாக நடக்கும். அவர்கள் படிப்பு 3 வருடம். இடையில் முடித்துப் போனால் யார் தொடர்வார்கள் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். தனியார் என்றால் மொத்தக் கட்டணம் எவ்வளவு, தெறித்த பொத்தானை மறுபடி ஒட்டத் தனிக் காசா, ரிட்டெய்னர் அதில் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடம் போக வேண்டிய இடம் என்பதால் பேருந்து வசதியும் ஒரு கணக்குதான்.

ரிட்டெய்னர் என்பது கிளிப் கழற்றியபின் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைப்பது. முதலில் நாள் முழுக்க, பிறகு பல வருடம் ராத்திரியில் மட்டும். சுடுதண்ணீரில் கழுவினால் நெளிந்துவிடும். அதைத் தொலைக்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் ஓட்டலில்தான் தொலைக்கிறார்கள்: சாப்பிடும் முன் கழற்றி, டிஷ்யூ பேப்பரில் சுற்றி, இலையோரம் வைத்து, இலையோடு சேர்த்து மடித்துவிடுகிறார்கள். பள்ளிப் பையில் ஒரு டப்பா, வீட்டில் ஒரு டப்பா வாங்கி வையுங்கள்.