இருமலே இல்லை, டிபி பரிசோதனை எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. நடவு வேலைக்குப் போகிறவர். மூன்று வருடமாக முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டும் விரல் வீக்கம் வடியவில்லை, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவும் இறங்கவில்லை. டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசி போடலாம், அதற்குமுன் டிபி பரிசோதனை வேண்டும் என்கிறார் டாக்டர். அம்மாவுக்கு இருமலே கிடையாது. ஊசி போட்டால் எதிர்ப்பு சக்தியே போய்விடும் என்றும் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: வயலில் அம்மாவுக்கு எத்தனையோ முறை முள் குத்தியிருக்கும். மறுநாள் அந்த இடம் சிவந்து, சூடாகி, விண்விண்ணென்று தெறித்திருக்கும். அதெல்லாம் உடம்பின் சொந்த வேலை; அதற்குப் பெயர்தான் அழற்சி. வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்ற புரதங்கள் உண்டு. அவற்றில் டிஎல்ஆர்-4 என்பது சில பாக்டீரியாக்களின் மேலுறையைத் தொட்டதுமே அடையாளம் கண்டுகொள்ளும். பாசன ஊழியரான லஸ்கர் வந்து சுற்றினால்தானே வாய்க்கால் ஷட்டர் ஏறும்? இங்கே லஸ்கர் இந்த ஏற்பிதான். அது உள்ளே சேதி அனுப்பினால்தான் டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் தயாராகி வெளியே வரும். இன்டர்லூகின்-6 கல்லீரலைத் தூண்டி சிஆர்பியைச் சுரக்க வைக்கும். லேப் ரிப்போர்ட்டில் நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

கிருமி ஒழிந்தால் ஷட்டர் இறங்க வேண்டும். முடக்குவாதத்தில் அது திறந்தே கிடக்கிறது. தண்ணீர் வடியாத வயலில் பயிர் அழுகுகிற மாதிரி மூட்டு அரிக்கப்படுகிறது.

இந்த ஊசிகளில் எட்டனர்செப்ட் எனக்குப் பிடித்த தந்திரம். 1998இல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றது. டிஎன்எஃப் போய் உட்காரும் ஏற்பியின் ஒரு பகுதியையே மருந்தாக்கிவிட்டார்கள். அது ரத்தத்தில் மிதந்து, டிஎன்எஃப்பை வழியிலேயே பிடித்துக்கொள்ளும். எதிர்ப்பு சக்தி மொத்தமும் போகாது. ஆனால் ஒரு காவல் தளரும்.

டிபி கிருமி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளே படுத்திருக்கும். வெள்ளையணுக்கள் அதைச் சுற்றி வேலி கட்டி வைத்திருக்கும். டிஎன்எஃப் குறைந்தால் வேலி இற்றுவிடும். அதனால்தான் இருமல் இல்லாதவருக்கும் மார்பு எக்ஸ்ரே, தோலில் போடும் மான்டூ அல்லது ரத்தப் பரிசோதனை. கிருமி தெரிந்தால் முதலில் அதற்கு மாத்திரை, ஊசி அப்புறம். ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் கேட்பார்கள். வீண் செலவென்று நினைக்காதீர்கள்.

ரப்பர் பூட்ஸ் போட்டு நடவுக்கு இறங்கச் சொன்னால் அம்மா சிரிப்பார். சரி, காய்ச்சல் வந்தாலோ, காலில் காயம் பட்டுச் சீழ் வைத்தாலோ அடுத்த ஊசியைப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். டாக்டர் சொல்லாமல் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்த வேண்டாம். அது வாரம் ஒரு நாள் மட்டும்; தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தக் கிழமையைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.