மலைக் காசித்தும்பை நம்ம மாடில வளருமா? உங்க கேள்விகளுக்கு பதில்

பெரம்பூர்லருந்து ஒரு அக்கா: வால்பாறைல தண்ணி சொட்டுற பாறைல குட்டி ரோஸ் பூ பாத்தேன், காசித்தும்பை மாதிரியே பின்னாடி வால் இருந்துச்சு. மொட்டை மாடில வைக்கலாமா?

அது காசித்தும்பையோட சொந்தம்தான் அக்கா, இம்பேஷன்ஸ் இனம், மேற்குத்தொடர்ச்சி மலைல இதுல எக்கச்சக்க வகை இருக்கு, அதுல நிறைய உலகத்துல வேற எங்கயுமே கிடையாது. பாறைல வர்ற சிலது பாசிக்குள்ள சின்ன கிழங்கா கெடக்கும், ஜூன்ல மழை பிடிச்சதும் இலை விட்டு பூக்கும், மழை போனதும் மேல காஞ்சிட்டு கிழங்கு மட்டும் அடுத்த வருஷம் வரைக்கும் தூங்கும். நம்மூர்ல வைக்காதீங்க. நிறைய தண்ணி விட்டா வந்துடும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, ஆனா அதுக்கு தண்ணியோட ராத்திரி குளிர்ச்சியும் வேணும், இங்க மே மாசம் ராத்திரிலயே 28 டிகிரி அடிக்குது, அந்த சூட்டுல ஈர மண்ணுல வேர் அழுகிடும், தண்டே முக்கால்வாசி தண்ணிதான், ஒரே நாள்ல தொவண்டுடும்.

எர்ணாவூர் தம்பி: கொடைக்கானல் காட்டுலருந்து வேரோட எடுத்துட்டு வரலாமா?

வேணாம்பா. ரிசர்வ் ஃபாரஸ்ட்ல செடி பிடுங்குறது குற்றம், அதவிட சில வகை கொஞ்சம் பாறைல மட்டும்தான் மிச்சம் இருக்கு, ஆளுக்கு ஒண்ணு எடுத்தா அந்த பாறையே காலி. போட்டோ எடுத்துட்டு வா.

தண்டையார்பேட்டை மேடம்: வீட்டு காசித்தும்பைக்கு தினமும் போர் தண்ணி விடுறேன், இலை ஓரம் கருகுது.

உப்புதான் மேடம். நம்ம பக்கம் கடல் தண்ணி நிலத்தடிக்குள்ள ஏறிடுச்சு, மீஞ்சூர்ல இது ரொம்ப வருஷ பிரச்சனை. தொட்டி ஓரத்துல வெள்ளையா படிஞ்சிருக்கான்னு பாருங்க, இருந்தா நல்ல தண்ணிய நிறைய விட்டு அடி ஓட்டை வழியா ஓட விடுங்க, அப்புறம் மழைத்தண்ணி, இல்லன்னா ஏசிலருந்து சொட்டுற தண்ணிய பிடிச்சு ஊத்துங்க, அதுல உப்பே இருக்காது. ஆர்ஓ மெஷின் வெளிய தள்ளுற தண்ணி மட்டும் வேணவே வேணாம், அதுல உப்பு இன்னும் அதிகம்.

ராயபுரம் அண்ணன்: எப்ப விதைக்கலாம்?

வடகிழக்கு மழை ஓஞ்சப்புறம் ஜனவரில போடுங்கண்ணா, மார்ச்ல பூ பாக்கலாம். செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் சமமா கலந்து, காலை வெயில் மட்டும் படுற எடத்துல வைங்க. காய் உப்பி வெளுக்க ஆரம்பிச்சதும் மெல்லிசு துணில சின்ன பை மாதிரி கட்டி விட்டுடுங்க, இல்லன்னா தொட்டவுடனே வெடிச்சு விதை மாடி பூரா செதறிடும்.