இமை ஆபரேஷனுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை வேண்டாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரை உண்டு. இரண்டு கண்ணிலும் மேல் இமைத் தோல் தொங்கிப் பார்வையை மறைப்பதால் அடுத்த மாதம் ஆபரேஷன். தையலில் தடவ ஆயின்மென்ட் போதும், மாத்திரை தேவையில்லை என்கிறார் டாக்டர். பல் பிடுங்கியதற்கே தனக்கு ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார்களே என்று பயமுறுத்துகிறார் பக்கத்து வீட்டு அக்கா. வீட்டில் மீதமிருக்கும் அமாக்ஸிசிலினைக் கொடுத்துவிடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் டாக்டர் எதையும் மறந்துவிடவில்லை, யோசித்துத்தான் சொல்லியிருக்கிறார்.

இமையில் ரத்த ஓட்டம் மிக அதிகம். அதனால் அங்கே காயம் சீக்கிரம் ஆறும், கிருமி காலூன்றுவதும் கடினம். சுத்தமாகச் செய்யும் இமை ஆபரேஷனில் தொற்று வருவது பொதுவாக நூற்றில் ஒருவருக்கும் குறைவுதான். இன்னொன்று, தோலில் உள்ள கிருமி உள்ளே நுழைவது கத்தி படும் நேரத்தில். மருந்து தேவைப்படுகிறவர்களுக்கும் அது அப்போதே ரத்தத்தில் இருக்க வேண்டும். ஆபரேஷனுக்குச் சற்று முன்பு ஒரு டோஸ் கொடுப்பது அதற்காகத்தான். தொற்றைத் தடுக்க என்று ஆபரேஷன் முடிந்த பிறகும் ஆன்டிபயாடிக்கைத் தொடர வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் இன்னும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஐந்து நாளைக்கு எழுதுகிற வழக்கம் போகவில்லை. அதில் வருவது வயிற்றுப்போக்கு, சிலருக்கு அலர்ஜி, அப்புறம் மருந்துக்கு அடங்காத கிருமிகள். மீந்த மாத்திரையில் இன்னொரு சிக்கல்: தொற்று உண்மையிலேயே வந்தால், அரைகுறையாகச் சாப்பிட்ட மருந்து அதன் அறிகுறிகளைக் கொஞ்ச நாள் மறைத்துவிடும்.

சரி, தொற்றை எது தடுக்கும்? பெரும்பகுதி வேலை ஆபரேஷனுக்கு முன்பே நடக்கிறது. அம்மாவின் சர்க்கரையிலிருந்து ஆரம்பியுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை சமீபத்தில் எடுத்ததா? அது எகிறியிருந்தால் இந்த ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை, இது அவசர ஆபரேஷன் இல்லையே. அடுத்து இமை ஓரங்களைப் பாருங்கள். இமைமுடி வேரில் பொடுகு போலச் செதில், அடிக்கடி கண்கட்டி, காலையில் ஒட்டிக்கொள்ளும் பீளை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறதா, மூக்கோரத்தில் அழுத்தினால் சீழ் வருகிறதா என்றும் கவனியுங்கள். வந்தால் கண்ணீர்ப் பையிலேயே தொற்று இருக்கிறது என்று அர்த்தம். அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆபரேஷன் அன்று கண் மை, பவுடர், பொட்டு எதுவும் வேண்டாம். புருவ முடியை வீட்டில் பிளேடால் மழிக்கவும் கூடாது, அந்தக் கீறல்களே கிருமிக்கு வாசல். தியேட்டரில் போவிடோன் அயோடின் போட்டுத் துடைப்பார்கள். மலிவான அந்தப் பழுப்பு நிற மருந்து செய்வதைப் பின்னால் விழுங்கும் எந்த மாத்திரையும் செய்யாது. அம்மாவுக்கு அது ஒத்துக்கொள்ளாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாத்திரை வேண்டியவர்களும் உண்டு. நாய் கடித்து இமை கிழிந்தவர்கள், கண்ணீர்ப் பையில் சீழ் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள். சர்க்கரைக்காக உங்கள் அம்மாவுக்கும் ஒரு டோஸ் தேவையா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை. முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

ஆயின்மென்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 'ஐ ஆயின்மென்ட்' என்று போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும், தோலுக்கான களிம்பு கண்ணுக்குள் போனால் எரிச்சலும் புண்ணும் வரும். சோப்பால் கை கழுவிவிட்டு, டியூபின் நுனி தையலில் படாமல், டாக்டர் சொன்ன நாள்வரை மெல்லிசாகத் தடவினால் போதும். தடவ ஆரம்பித்த பிறகு வலி இல்லாமல் அரிப்பும் சிவப்பும் மட்டும் கூடினால் அது பெரும்பாலும் மருந்தின் அலர்ஜி. நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்தவற்றில் இது அதிகம். தொற்று என்று நினைத்து இன்னும் அப்பிவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். தையல் பிரிக்கும்வரை குழாய்த் தண்ணீர் காயத்தில் படாமல் கழுத்துக்குக் கீழே குளிக்கட்டும். மஞ்சள், விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

முதல் சில நாள் வீக்கமும் கன்றிப்போன நிறமும் சகஜம். குறைய வேண்டிய வீக்கம் மூன்றாம் நாளுக்குப் பிறகு கூடினால், சூடும் சிவப்பும் பரவினால், சீழோ காய்ச்சலோ வந்தால் அன்றே போய்க் காட்டுங்கள். பார்வை மங்குவது, கண் முன்னே தள்ளுவது, கண்ணை அசைத்தால் வலிப்பது, திடீரென்று தாங்க முடியாத வலி ஆகியவற்றுக்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது, ராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள். சில வாரம் கழித்துத் தையல் தழும்பில் ஆறாத சிறு கட்டி வந்தாலும் அலட்சியம் வேண்டாம். சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத, மெதுவாக வளரும் ஒரு கிருமி வகை அப்படித்தான் வரும்.

அம்மா ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் மாதிரி ஏதாவது சாப்பிடுகிறாரா? நீங்கள் எழுதவில்லை. ரத்தம் கசிந்து கண்ணுக்குப் பின்னால் கட்டினால் பார்வைக்கே ஆபத்து, இமையில் தேங்கிய ரத்தத்தில் தொற்றும் எளிதாக வரும். நீங்களாக நிறுத்திவிடாமல் கண் டாக்டரிடமும், அதை எழுதிக்கொடுத்த டாக்டரிடமும் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.