குந்தியிருக்கும் நண்பரை வரையும்போது உருவம் ஏன் சாய்கிறது?

நிற்கும் நண்பர்களை ஓரளவு சரியாக வரைவதாகவும், அவர்கள் குந்தினாலோ ஒற்றைக் காலில் நின்றாலோ உருவம் விழுவதுபோல் அமைவதாகவும், பதினைந்து நிமிடத்துக்குள் அவர்கள் அசைந்துவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அசைவது அவர்களின் குற்றமன்று, கால் விறைத்துவிடும். கடினமான நிலைகளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கேளாதீர்கள்.

விழுவதுபோல் தோன்றுவது பெரும்பாலும் பாரம் எங்கே இறங்குகிறது என்பதைக் கவனியாததால்தான். ஒற்றைக் காலில் நிற்பவரின் கழுத்துக்குழியிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு இறக்கினால், அது தாங்கும் பாதத்துக்கு அருகில் வந்து சேரும். முகத்தையும் விரல்களையும் தொடுவதற்கு முன்னர் அந்தக் கோட்டை இடுங்கள். மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் கரைவலையைக் கயிற்றால் கரைக்கு இழுப்பவர்களுக்கு இது பொருந்தாது, ஏனெனில் பின்னே சாய்ந்திருக்கும் அவர்களின் பாரத்தில் ஒரு பகுதியைக் கயிறு தாங்குகிறது. கயிற்றை வரையாவிட்டால் மனிதர் மல்லாந்து விழுவார்.

குந்தியிருப்பவரை முன்னிருந்து பார்க்கையில் வேறொரு சிக்கல் உண்டு. தொடையின் உண்மையான நீளம் நமக்குத் தெரியும் என்பதாலேயே, கண்ணுக்குத் தெரிவதைவிட நீட்டி வரைந்துவிடுகிறோம். கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் தலையின் உயரத்தை அளந்து, தொடையை அதனோடு ஒப்பிடுங்கள். அரைத் தலையளவுதான் வருகிறதென்றால், நம்ப மனம் வராவிட்டாலும், அப்படியே வரையுங்கள். கைக்கும் இடுப்புக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தின் வடிவத்தையும் பார்த்து, வரைந்ததோடு ஒப்பிடுங்கள்.

ஈழத்து மரபுக் கூத்து வகையான வடமோடிக் கூத்து ஆடப் பழகிய நண்பர் எவரேனும் இருந்தால், இத்தகைய நிலைகளில் இருந்து காட்டும்படி முதலில் அவரைக் கேளுங்கள்.