எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ஆனாலும் குதிரை நொண்டுகிறது

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வைத்திருக்கிறேன். ஆவணியிலிருந்து இடது முன்காலை நொண்டுகிறது. வீக்கம் இல்லை, எக்ஸ்ரேயும் நன்றாக இருக்கிறது. தசைநார் கிழிந்திருக்கலாம் என்கிறார்கள். தை முகூர்த்தத்துக்குத் தேறிவிடுமா?

பதில்: முதலில் குளம்புக்குள் சீழ் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். லாட ஆணி தவறி இறங்கினால்கூட சீழ் பிடிக்கும். குளம்பு சுடும், குதிரை காலை ஊன்றவே தயங்கும். சீழை வெளியேற்றினால் பெரும்பாலும் சில நாளில் தேறிவிடும்.

சீழ் இல்லையென்றால் தசைநாரைச் சந்தேகிக்கலாம். காலின் பின்புறம் இறங்கும் ஆழமான தசைநார், குளம்புக்குள் போய்க் கடைசி எலும்பின் அடியில் ஒட்டுகிறது. அந்தக் கடைசிப் பகுதியில் கிழிந்தால் வெளியே வீக்கம் தெரியாது. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் குளம்பின் கெட்டிச் சுவரைத் தாண்டாது.

அதனால் மரப்பு ஊசிதான் முதல் வழி. குதிகால் பக்கத்து நரம்புகளில் மருந்து போட்டு, சற்றுப் பொறுத்து நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். நொண்டல் குறைந்தால் வலி பாதத்தில்தான். ஆனால் எலும்பா, மூட்டா, தசைநாரா என்பதை அந்த ஊசி பிரித்துச் சொல்லாது; அதற்கு எம்ஆர்ஐ வேண்டும். நம் பக்கத்தில் குதிரைக்கு அது எளிதில் அமையாது. பெங்களூரில் பந்தயக் குதிரைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

குளம்புக்குள் தசைநார் கிழிந்தது உறுதியானால், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். பழைய வேலைக்கு முழுதாகத் திரும்புபவை பாதிக்கும் குறைவே. மேலோட்டமான சிராய்ப்பு என்றால் நம்பிக்கை கூடும். நீளக் கிழிசல், கூடவே எலும்பும் கெட்டிருந்தால் குறையும். ஆறிய இடம் தழும்பாக இறுகுவதால் பழைய நெகிழ்ச்சி வராது, மறுபடி கிழியும் அபாயமும் உண்டு.

ஆறுவதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம். முதலில் லாயத்தில் ஓய்வு. அப்புறம் மருத்துவர் சொன்னபடி, கயிற்றைப் பிடித்துச் சமதரையில் சில நிமிட நடை. அதை வாரக்கணக்கில் மெல்லக் கூட்ட வேண்டும். குளம்பின் முன்நுனி நீளமாக வளர்ந்திருந்தால் வெட்டிச் சீர்செய்து, குதிகாலுக்குத் தாங்கல் தரும் லாடம் அடிக்கச் சொல்லுங்கள்.

வலி ஊசி போட்டு ஊர்வலத்துக்கு அனுப்பாதீர்கள், தயவுசெய்து. வலி தெரியாத குதிரை காலை முழு பலத்தோடு ஊன்றும், பாதிக் கிழிசல் முழுக் கிழிசலாகிவிடும். கடையில் நீங்களே டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை வாங்கிப் போடவும் கூடாது. பிணந்தின்னிக் கழுகுகளைக் கொல்வதால் 2006-லேயே கால்நடைகளுக்குத் தடை செய்த மருந்து அது.

தசைநார்தான் என்றால் இந்தத் தைக்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த தையைப் பற்றி, ஆறு மாதம் கழித்துக் கடினத் தரையில் வட்டமாக நடக்கவிட்டுப் பார்த்தபின் பேசலாம்.